விழுங்கிக் கணவாயில் இருந்தது என்ன?

நாவல் குளம் வற்றிக்கொண்டிருந்தது. கரைச் சேறு காய்ந்து வெடித்து, ஓரங்கள் அப்பளம் போல மேலே சுருண்டு நின்றன. நடுவில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். மான் குடித்தால் பன்றிக்கு இல்லை. பன்றி புரண்டால் யாருக்குமே இல்லை.

ஒரு நாள் காலையில் காட்டு விலங்குகள் எல்லாம் குளக்கரையில் கூடின. காட்டெருது வெண்காலன்தான் அவற்றுக்குத் தலைவன். உடம்பெல்லாம் கரிய நிறம், முழங்காலுக்குக் கீழே மட்டும் பால் வெள்ளை. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன்.

"இந்தத் தண்ணீரை நம்பி இனி இருக்க முடியாது. எங்கே போகலாம்? சொல்லுங்கள்!" என்றான்.

குறுவாலன் என்ற நரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

"தலைவரே! தெற்கே சமவெளி இருக்கிறது. அதைக் கடந்துவிட்டால் பெரிய ஏரி. எதிர்க்கரை தெரியாத ஏரி! எல்லோரும் சேர்ந்து நாளை மாலையே கிளம்பிவிடுவோம். நான் வழி காட்டுகிறேன்!"

"வடக்கே போனால் என்ன?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

கூட்டம் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. வடக்கே இருந்தது விழுங்கிக் கணவாய். வானத்தை முட்டும் இரண்டு மலைகள். அவற்றுக்கு நடுவே கோடரியால் வெட்டியது போல ஒரு கறுத்த பிளவு. அந்தப் பிளவுக்குள்ளிருந்து ஓர் உறுமல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வடகாற்று வீசும் நாட்களில் அந்த உறுமல் குளக்கரை வரைக்கும் வரும். அப்போது தரையில் படுத்திருப்பவர்களுக்கு வயிற்றுக்குள்ளேயே அது உறுமுவது போல இருக்கும்.

"ஐயோ, வடக்கா!" என்று மைனா கத்தினாள். "அங்கே பூதம் இருக்கிறது! யானைக் கூட்டத்தையே விழுங்கிவிட்டது! ஒரு யானைகூடத் திரும்பி வரவில்லை!"

"ஆமாம், ஆமாம்! அது எல்லோருக்கும் தெரியும்!" என்று பல குரல்கள் எழுந்தன.

கூட்டத்தின் ஓரத்தில் சாம்பி என்ற கீரி உட்கார்ந்திருந்தாள். அவள் வளையில் குட்டிகள் இருந்தன. இன்னும் கண் திறக்காத குட்டிகள். நிழலே இல்லாத சமவெளியில் அவற்றை வாயில் கவ்விக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? பாதி வழியில் அவை செத்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பயத்தில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"பூதத்தை யார் பார்த்தது?" என்று கேட்டாள்.

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

"எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்கள். சரி. யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும் இல்லையா? அது யார்?"

குறுவாலன் சிரித்தான். "பார்த்தவன் திரும்பி வந்தால்தானே சொல்வான், சாம்பி! அதனால்தான் அதற்கு விழுங்கிக் கணவாய் என்று பெயர்!"

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பி சிரிக்கவில்லை.

"தலைவரே, நாளை உச்சிப்பொழுது வரை எனக்கு நேரம் கொடுங்கள். நான் விசாரித்து வருகிறேன். பூதம் இருப்பது உண்மையானால், நானே முதல் ஆளாகத் தெற்கே நடக்கிறேன்!"

வெண்காலன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு, "போய் வா" என்றான்.

சாம்பி குட்டிகளைத் தன் அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு, நேராக மைனாவிடம் போனாள்.

"மைனா அக்கா! யானைகளைப் பூதம் விழுங்கியதை நீங்கள் பார்த்தீர்களா?"

"நானா? நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அணில் சொன்னான்!"

அணிலைக் கேட்டால், காட்டுக்கோழி சொன்னதாம். காட்டுக்கோழியைக் கேட்டால், புள்ளிமான் சொன்னதாம். ஆனால் ஒரு விஷயத்தைச் சாம்பி கவனித்தாள். மைனாவின் கதையில் பூதத்துக்கு நெருப்புக் கண்கள் இருந்தன. அணிலின் கதையில் கண்கள் இருந்தன, நெருப்பு இல்லை. காட்டுக்கோழியின் கதையில் பூதமே இல்லை, 'ஏதோ ஒன்று' மட்டும்தான் இருந்தது. ஊற்றை நோக்கிப் போகப்போக ஓடை குறுகுவது போல, கதையும் குறுகிக்கொண்டே வந்தது.

புள்ளிமான் ஒரு புங்க மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமாம், நான் பார்த்தேன்! இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!" என்றான்.

சாம்பி துள்ளி முன்னால் வந்தாள். "பூதத்தையா?"

"யானைகளை. கோடை தொடங்கிய சமயம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. யானைகள் வரிசையாக அந்தப் பிளவுக்குள் நுழைந்தன. குட்டிகளும் கூடவே போயின. அவ்வளவு பெரிய உடம்புகள், ஒவ்வொன்றாக அந்தக் கறுப்புக்குள் மறைந்ததைப் பார்த்தால்... அப்பப்பா!"

"பிறகு?"

"பிறகு திரும்பி வரவில்லை."

"எவ்வளவு நேரம் அங்கே நின்று பார்த்தீர்கள், அண்ணா?"

மான் அசைபோடுவதை நிறுத்தினான். "நிற்பதா? அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டா? நான் ஓடியே வந்துவிட்டேன்!"

"அப்படியானால், யானைகள் உள்ளே போனதைத்தான் பார்த்தீர்கள். திரும்பி வராததைப் பார்க்கவில்லை!"

மானின் காதுகள் மெல்லத் தாழ்ந்தன. "அட! ஆமாம். அதை நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்" என்றான்.

அவன் பொய்யன் அல்ல. கண்டதையும் நினைத்துக்கொண்டதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டான், அவ்வளவுதான். சாம்பி மனதுக்குள் அந்த மூட்டையை அவிழ்த்தாள். யானைகள் உள்ளே போயின என்பதை ஒரு பக்கம் வைத்தாள். திரும்பவில்லை என்பதை இன்னொரு பக்கம் வைத்தாள்.

குளக்கரையில் நின்ற பட்ட மரத்தின் உச்சியில் பருந்து உட்கார்ந்திருந்தார். அவரிடமும் கேட்டாள்.

"மாமா! நீங்கள் கணவாய்க்கு மேலே பறந்திருக்கிறீர்களா?"

"பறந்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் தெரியாது. வெள்ளைப் புகைதான் தெரியும். எந்நேரமும் அது மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். வெயில் அடித்தால் அதில் வானவில் விழும்."

"அது பூதத்தின் மூச்சா?"

"நான் புகையைப் பார்த்தேன். மூச்சு என்று சொன்னவன் நரி" என்றார் பருந்து. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, அலகைக் கிளையில் தேய்க்க ஆரம்பித்தார்.

சாம்பி மலையடிவாரத்துக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அங்கே ஓர் ஆலமரம் முழுக்க மந்திக் கூட்டம். அவர்களின் தலைவி விழுது ஒன்றில் தொங்கியபடியே பதில் சொன்னாள்.

"பூதத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் வழிவழியாக ஒரு சொல் உண்டு. கேள்! 'கணவாயின் சுவரில் கறுப்பு நாக்குகள் தொங்கும். ஓடாதே, நாக்கு அசையும். கத்தாதே, நாக்கு இறங்கும். மெல்லப் போனவன் போய்ச் சேர்ந்தான்.' இவ்வளவுதான்."

"இதை முதலில் சொன்னது யார்?"

"தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் மாற்ற மாட்டோம். மாற்றிச் சொல்கிற குட்டிக்குக் குட்டு விழும்!"

சாம்பி யோசித்தாள். இதைக் கண்டவர் யாரும் இல்லை. அதனால் இதை அப்படியே நம்பவும் முடியாது. ஆனால் மைனாவின் கதை வாய்க்கு வாய் மாறியது. இது மாறவே இல்லை. மாறாமல் காத்து வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்கும். தூக்கி எறியாமல் அதையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். 'மெல்லப் போனவன் போய்ச் சேர்ந்தான்' என்கிறதே! எங்கே போய்ச் சேர்ந்தான்?

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது.

ஆலமரத்தின் அடித்தண்டில் ஒரு குளவிக்கூடு. புதுக்கூடு. மண் இன்னும் ஈரமாக இருந்தது. சிவப்பு மண்! அதில் பச்சையாக ஒரு துளிப் பாசி ஒட்டியிருந்தது. நாவல் குளத்தின் சேறு கறுப்பு. பாசி என்பதே இந்தக் கோடையில் கண்ணில் பட்டதில்லை. சாம்பி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். குளவி வந்தது, வாயிலிருந்த மண்ணைப் பூசியது, மீண்டும் எழும்பிப் பறந்தது.

வடக்கே பறந்தது. கணவாய்க்கு!

அந்தக் குளவியிடம் அவள் எதையும் கேட்கவில்லை. அதுவும் எதையும் சொல்லவில்லை. ஆனால் காடு முழுவதும் பேசிய பேச்சைவிட, அந்தக் கடுகளவு ஈர மண் பெரிதாகப் பேசியது.

அன்று இரவு பாறை இடுக்கில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் கணவாயின் வாசலுக்குப் போனாள்.

அருகில் போனதும் உறுமல் உடம்பையே உலுக்கியது. பாதத்தின் அடியில் தரை அதிர்ந்தது. பாறைச் சுவர்கள் இருபுறமும் உயர்ந்து, உயர்ந்து, வானத்தை ஒரு நீல நாடாவாக்கின. கீரி என்ற உயிர் எவ்வளவு சின்னது என்று சாம்பிக்கு அன்றுதான் தெரிந்தது.

வாசல் பாறையில், அவள் தலைக்கு வெகு உயரத்தில், சிவப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. வழிந்து காய்ந்திருந்தது.

"இரத்தம்!" என்று அலறிவிட்டாள். "பூதம் உண்மைதான்!"

வந்த வழியே பாய்ந்து ஓடினாள். ஒரு புதர் வரைக்கும் ஓடினாள். அங்கே மூச்சு வாங்க நின்றபோது அவளுக்குப் புள்ளிமானின் நினைவு வந்தது. 'அவனும் இப்படித்தானே ஓடினான்! நான் சிவப்பைப் பார்த்தேன். இரத்தத்தைப் பார்த்தேனா?'

அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்தாள். பாறையின் மடிப்பில் தொற்றி ஏறினாள். முகர்ந்தாள். இரத்த வாடை இல்லை. மண் வாடை! குளவிக்கூட்டில் இருந்த அதே சிவப்பு மண். அதற்குள் ஒரு தடித்த மயிர் ஒட்டியிருந்தது. சேற்றில் புரண்ட யானை ஒன்று இந்தப் பாறையில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது!

சாம்பி கீழே இறங்கித் தரையைப் பார்த்தாள். புழுதியில் முறம் முறமாக யானைக் காலடிகள். உள்ளே போன காலடிகள் தேய்ந்து மங்கியிருந்தன. அவற்றின் மேலே, தெளிவாக, வெளியே வந்த காலடிகள்! அவற்றுக்கும் மேலே, மறுபடி உள்ளே போனவை! சற்றுத் தள்ளி மூங்கில் புதர் முறிந்து கிடந்தது. அதன் அருகில் யானைச் சாணம். சாண வண்டுகள் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தன. சாணத்தைக் கிளறினாள். உள்ளே கோரைப் புல். தண்ணீரில் வளரும் கோரை!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காட்டில் யாருக்கும் தெரியாததை ஒரு யானையின் சாணம் சொல்லிவிட்டது!

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

சாம்பி நுழைந்தாள். உறுமல் காதை அடைத்தது. ஒரு வளைவு திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள்.

பாறைச் சுவரில் கறுப்பு நாக்குகள் தொங்கின.

ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி அளவு. எண்ணி முடியாத நாக்குகள். அவற்றின் மேல் கறுப்பாக ஒரு பளபளப்பு, அலையலையாக மேலிருந்து கீழே ஓடியது. உற்றுப் பார்த்தாள். தேனீக்கள்! மலைத்தேனீக்கள் அடை அடையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தன. ஓர் அடையில் இருந்த தேனீக்கள் இறங்கி வந்தாலே ஒரு காட்டெருது பிழைக்காது.

'ஓடாதே, நாக்கு அசையும். கத்தாதே, நாக்கு இறங்கும்.'

எப்போதோ, யாரோ ஒருவர் இங்கே வந்து இதைக் கண்டிருக்கிறார். பிழைத்துத் திரும்பி, பின்னால் வருகிறவர்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் பெயர் போய்விட்டது. எந்த இனம் என்பதும் போய்விட்டது. அவர் கண்டது மட்டும் மந்திகளின் வாயில் தங்கி, இன்று அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நினைத்ததும் சாம்பிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பெயர் தெரியாதவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். பாதத்தை மெல்ல எடுத்து, மெல்ல வைத்து, சுவரோரமாக நடந்தாள். ஒரு நாக்கும் அசையவில்லை.

கடைசி வளைவைத் தாண்டினாள்.

மலை உச்சியிலிருந்து ஒரு நதி விழுந்துகொண்டிருந்தது!

வெள்ளை வெளேரென்று, ஆகாயமே உடைந்து கொட்டுவது போல விழுந்தது. விழுந்த இடத்தில் அது பொடிப்பொடியாகி, பருந்து சொன்ன அந்த வெள்ளைப் புகையாக எழும்பியது. புகைக்குள் ஒரு வானவில் நின்றது. அதன் கீழே விரிந்து கிடந்த நீர்ப்பரப்பில் கோரை அசைந்தது, கொக்குகள் நடந்தன, மீன்கள் துள்ளின. மரங்கள் எல்லாம் பச்சை! கோடை என்ற ஒன்று இருப்பதே இந்த இடத்துக்குத் தெரியாது போலிருந்தது. தண்ணீரின் நடுவே, சிவப்புச் சேறு பூசிக்கொண்டு, யானைகள் நின்றன. குட்டிகள் தும்பிக்கையால் ஒன்றன் மேல் ஒன்று நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன.

சாம்பி அருவியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சாரல் அவள் முகத்தை நனைத்தது. நீர் குடிக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

கூட்டத்தின் பெரிய பெண் யானை அவளைக் கண்டது. தும்பிக்கையை நீட்டி முகர்ந்தது.

"கீரியா! நீ எப்படி இங்கே வந்தாய்? யாரும் வருவதில்லையே!"

"உங்களைப் பூதம் விழுங்கிவிட்டதாகக் காடே சொல்கிறது, அம்மா!"

"எங்களையா!" யானை சிரித்த சிரிப்பில் நீர் குலுங்கியது. "நன்றாக இருட்டியதும் மூங்கில் தின்ன வெளியே வருவோம், விடிவதற்குள் திரும்பிவிடுவோம். யாரும் எங்களைத் தேடி வரவில்லை. எங்களை யாருக்கும் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!"

"எங்கள் காடு முழுவதும் தாகத்தில் கிடக்கிறது. நாங்கள் வரலாமா?"

"நதியை நாங்களா பெற்றெடுத்தோம்?" என்றது யானை. "அழைத்து வா! தேனீக்களிடம் மட்டும் கவனமாக இருக்கச் சொல்."

சாம்பி ஓட வேண்டிய இடத்தில் ஓடி, நடக்க வேண்டிய இடத்தில் நடந்து, உச்சிப்பொழுதுக்குக் குளக்கரை வந்து சேர்ந்தாள். கண்டதை எல்லாம் சொன்னாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

குறுவாலன் மட்டும் பலமாகச் சிரித்தான்.

"அருமையான கதை! ஆனால் தலைவரே, இவள் ஒருத்திதானே பார்த்திருக்கிறாள்? நமக்கு இதுவும் வெறும் கேள்விப்பட்ட செய்திதான்! மைனா சொன்னதை நம்பக் கூடாதென்றால், கீரி சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?"

கூட்டம் சலசலத்தது. சாம்பிக்கும் சுருக்கென்றது. ஆனால் நரி கேட்டது நியாயமான கேள்வி.

"சரிதான்! என் சொல்லை நம்ப வேண்டாம்" என்றாள். "சோதித்துப் பாருங்கள்! ஆலமரத்தில் குளவிக்கூடு இருக்கிறது. வாசலில் காலடிகள் இருக்கின்றன. சாணம் இருக்கிறது. மந்திகள் இருக்கிறார்கள். நான் உள்ளே போகும் முன்பே இவை எல்லாம் ஒரே திசையைக் காட்டின. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தண்ணீர் இருப்பதை நான் கண்டேன். நம் எல்லோருக்கும் போதுமான புல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதை நான் பார்க்கவில்லை."

தெரியாது என்று அவள் சொன்னதும், வெண்காலன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். பிறகு நரியின் பக்கம் திரும்பினான்.

"குறுவாலா! தெற்கே ஏரி என்றாயே, அதைப் பார்த்தது யார்?"

"அது... அது எல்லோருக்கும் தெரியும், தலைவரே!"

"எனக்குத் தெரியாது" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. பட்ட மரத்திலிருந்து பருந்து எட்டிப் பார்த்தார். "நான் சமவெளிக்கு மேலே தினமும் பறக்கிறேன். ஏரி இருந்த இடத்தில் வெடித்த மண்தான் இருக்கிறது. கழுதைப்புலிகள் கூட்டமாக உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. குறுவாலன் போன வாரம் அவற்றோடு உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருந்தான். சேர்ந்து சிரித்ததையும் பார்த்தேன்."

"ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை, மாமா?" என்று மான் பதறினான்.

"என்னை யாரும் கேட்கவில்லையே!" என்றார் பருந்து.

தாகத்தில் சமவெளியில் விழுந்து சாகிறவர்கள் யாருக்கு விருந்தாகியிருப்பார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. குறுவாலன் மெல்லப் பின்வாங்கிப் புதருக்குள் நழுவினான்.

வெண்காலன் சாம்பியோடு கணவாய் வாசலுக்கு வந்தான். காலடிகளைப் பார்த்தான். பாறைச் சேற்றை முகர்ந்தான். அவ்வளவு பெரிய மூக்கைச் சாணத்துக்குள் விட்டு, "கோரைதான்!" என்றான். பிறகு கூட்டத்தை அழைத்தான்.

அவர்கள் கணவாயைக் கடந்த விதத்தை அந்த மலைகள் அதற்கு முன் கண்டிருக்காது. மந்திகள் முன்னால் நடந்தார்கள். காட்டெருதுகள் அவ்வளவு பாரத்தையும் பூப்போலத் தூக்கித் தூக்கி வைத்தன. பன்றிகள் உறுமவில்லை. மான்கள் துள்ளவில்லை. மைனா தன் வாயைத் தானே நம்பாமல், ஓர் ஆலங்காயைக் கவ்விக்கொண்டு வந்தாள். சாம்பியும் அவள் அக்காளும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு நடந்தார்கள். தலைக்கு மேலே கறுப்பு நாக்குகள் அலையலையாக மின்னின. புலிக்கும் அஞ்சாத வெண்காலன் அவற்றைப் பார்த்துத் தலை குனிந்து நடந்தான்.

எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அருவியைக் கண்டதும் ஒருவரும் தண்ணீருக்குப் பாயவில்லை. அத்தனை நாள் தாகத்தோடும் அப்படியே நின்றார்கள். காட்டெருதும் எலியும் ஒரே சாரலில் நனைந்துகொண்டு, ஒரே வானவில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புள்ளிமான் அழுதான். "இந்தச் சத்தத்துக்கா நான் ஓடினேன்! இந்தச் சத்தத்துக்கா!"

அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து ஓர் ஊளை கேட்டது. தனியாக விடப்பட்ட குறுவாலன், 'மந்திகளின் பழங்கதைதானே' என்று கணவாயில் தலைதெறிக்க ஓடி வந்திருக்கிறான். மூக்கும் காதும் பலாக்காயாக வீங்கி, ஒரே பாய்ச்சலில் தண்ணீருக்குள் விழுந்தான். யானைகள் தும்பிக்கையை உயர்த்தி நீரைப் பீய்ச்சி, துரத்தி வந்த தேனீக்களைத் திருப்பி அனுப்பின. அவனை யாரும் விரட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் எதைச் சொன்னாலும், "பார்த்தாயா, கேட்டாயா?" என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தத் தண்டனையை அவனால் தாங்கவே முடியவில்லை.

நாட்கள் போயின. ஒரு மாலையில், மலைக்கு அப்பாலிருந்து வந்த கிளிகளுக்கு மைனா கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாம்பி மலையைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டாள்! மலை இரண்டாகப் பிளந்தது! பூதம் அவள் காலில் விழுந்து நதியைக் கொடுத்துவிட்டு ஓடியது!"

கோரைக்குள் குட்டிகளோடு விளையாடிக்கொண்டிருந்த சாம்பி தலையை நீட்டினாள்.

"மைனா அக்கா! நான் அதட்டினதை நீங்கள் பார்த்தீர்களா?"

மைனா சிறகைக் கோதினாள். அருவியைப் பார்த்தாள். அலகைத் திறந்தாள், மூடினாள். பிறகு கிளிகளின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் பார்த்தது இவ்வளவுதான்" என்று ஆரம்பித்தாள். "ஒரு கீரி பயந்து நடுங்கியபடி நடந்து போனாள். நனைந்துபோய்த் திரும்பி வந்தாள். மற்றதை அவளிடமே கேளுங்கள்!"

எந்தச் செய்தி வந்தாலும், அது நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, தானாக நினைத்துக்கொண்டதா என்று பிரித்தறிந்து, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.